கன்னத்துப் புற்று

எங்கள் பக்கம் பாம்புப் புற்றுக்கும் புற்றுநோய்க்கும் ‘புத்து’ என்ற ஒரே சொல்தான். அந்த ஒரு சொல் அப்பாவின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா குற்றாலத்தில் சீசனுக்குப் பழக்கடை போடுவார். கடையில் இருந்தது மங்குஸ்தான், அவர் வாயில் இருந்தது புகையிலை. இடது கன்னத்தின் உள்ளே வந்த புண் ஆறவே இல்லை. தென்காசி டாக்டர் துளி சதை எடுத்துச் சோதித்துவிட்டு, புற்றுநோய்தான், உடனே மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்யுங்கள் என்றார். அங்கே காட்டுவதற்கு அந்தச் சதை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடையும் கொடுத்தார்.

அம்மா முடியவே முடியாது என்றுவிட்டாள். முந்தின வருஷம் மாட்டுக்கொட்டகை போடுவதற்காக, வீட்டுக்குப் பின்னால் இருந்த புற்றை ஆள்விட்டு வெட்டச் சொன்னது அவள்தான். நாற்பத்தோரு நாள் கோயில் புற்றுக்குப் பால் ஊற்றிய பிறகுதான் மற்றதெல்லாம் என்றாள்.

“ஒரு புத்த வெட்டுனதுக்கே இந்தப் பாடு. மறுபடியும் வெட்டச் சொல்லுதியாட்டி?”

அப்பா அவள் பேச்சை மீறுகிறவர் இல்லை. புண்ணோ நாற்பத்தோரு நாள் காத்திருக்காது.

நான் பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்தி என்ன, பெற்றவளுக்குப் புரியவைக்கத் துப்பில்லை. கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வம்படியாகப் பள்ளிக்கூட லேபுக்குக் கூட்டிப்போய், ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

முதலில் நான் பார்த்தேன். வந்த காரியமே மறந்துபோயிற்று. ஓர் ஓரத்தில் செல்கள் செங்கல் அடுக்கினாற்போல ஒழுங்காக இருந்தன. சற்றுத் தள்ளி அதே செல்கள் பெருத்து, கருத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு செல் இரண்டாகும்போது தனக்குள் எழுதியிருப்பதையெல்லாம் பிரதி எடுக்கிறது. எங்காவது ஓரெழுத்து பிசகும். பெரும்பாலும் செல்லே அதைத் திருத்திக்கொள்ளும், முடியாவிட்டால் செத்துப்போகும். புகையிலை அந்தப் பிசகுகளைக் கூட்டிவிடும். தப்பிய பிசகுகள் வருஷக்கணக்கில் ஒரே செல்லின் வம்சத்தில் சேர்ந்து, ‘பெருகு’ என்ற கட்டளை ஓயாமலும் ‘நிறுத்து’ என்ற கட்டளை அழிந்தும் போனால், அதுதான் புற்று. ஒற்றைச் செல்லில் தொடங்கி இத்தனை கோடி தடவை பிரதியெடுத்தும் ஐம்பது வயது வரை அப்பா அப்பாவாகவே இருந்திருக்கிறார் என்பதை நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது. அவரைக் கொல்ல வந்ததைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அம்மா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நான் எனக்குத் தெரிந்ததை எளிதாகச் சொன்னேன்.

“இங்கன தாறுமாறா கெடக்கதும் அவுகதானா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. வெளிய இருந்து எதுவும் வரல. எல்லாம் அப்பாவோட செல்லுதான். எழுத்து பிசகிப்போச்சு.”

“அப்ப நான் வெட்டச் சொன்னதால இல்லயா?”

“இல்லம்மா.”

ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மதுரைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் சாய்ந்திருந்தார். தன் கை பட்டால் நோய் இன்னும் முற்றிவிடும் என்று அத்தனை நாளும் விலகியே இருந்தவள், அந்தக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். மதுரை வரும்வரை எடுக்கவில்லை.