டேலா பாப்பாவைச் சிரிக்க வைத்தவர்

அந்தச் செம்பாறைப் பள்ளத்தாக்கை ஆறு அரித்து உண்டாக்கியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதெல்லாம் சுத்தப் பொய். அதைத் தோண்டியவர் ஆர்லண்ட் எட்சிட்டி மாமா. அதுவும் ஒரே காலையில், சாப்பாட்டுக்கு முன்னால். அவரிடமே கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்.

தோண்டிய களைப்பில் இப்போது வேன் ஓட்டுகிறார். விடுதி வாசலில் பயணிகளை ஏற்றிக்கொண்டு, விளிம்போரக் காட்சிமுனை ஒவ்வொன்றிலும் இறக்கிவிட்டு, ஒரு கதையும் ஒரு ஜோக்கும் சொல்வார். கதைக்குப் படம் எடுப்பார்கள். ஜோக்குக்கு யாரும் சிரித்ததாக எங்கள் நவஹோப் பழங்குடி நாட்டில் இதுவரை தகவல் இல்லை.

அதைப் பற்றிக் கவலையே இல்லை என்பார். ஆனால் அக்கா மகள் ரொவீனாவுக்கு டேலா பாப்பா பிறந்ததிலிருந்து மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். எங்கள் ஜனங்களில் குழந்தையை முதன்முதலில் சிரிக்க வைக்கிறவர்தான் ஆடு வெட்டி விருந்து போடவேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் குழந்தையின் கையால் உப்பு கொடுக்க வைக்கவேண்டும். அப்போதுதான் அது தாராள மனசோடு வளரும். ஆடு போகுமே என்று பயந்து சொந்தக்காரர்கள் பாப்பா முன்னால் உர்ரென்று நடமாட, மாமா மட்டும் தினமும் போய்க் கோமாளித்தனம் செய்தார். பாப்பா கொட்டாவி விட்டது.

அன்று ரொவீனாவின் வண்டி மக்கர் செய்ததால், பாப்பாவோடு வேனில் ஏறிக்கொண்டாள். பின் சீட்டில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு இன்னொரு சொந்தக்காரப் பயல் இருந்தான். அவன் இந்தக் கதைக்கு முக்கியமில்லை.

"கீழ விழுந்தவங்க ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து புகார் சொன்னதில்லைங்க," என்றார் மாமா, முதல் முனையில். ஒஹையோவிலிருந்து வந்த அம்மாள் தன் கணவரின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த முனையில், எதிர்ப்பாறை இடுக்கிலிருந்த பழங்கால வீடுகளைக் காட்டினார். விரல் நீட்டுவது எங்களில் மரியாதையில்லை. உதட்டைக் குவித்து நீட்டினார். முத்தம் தனக்குத்தான் என்று நினைத்து ஒஹையோ அம்மாள் பின்வாங்கினாள். நல்லவேளை, வேன் இருந்த பக்கமாக.

"மாமா, அந்தம்மாவை விட்டுடு. புருஷன் பக்கத்துலயே நிக்கிறாரு," என்றாள் ரொவீனா.

"சும்மா இருடி, வேலை நேரம்," என்றவர், அதே உதட்டைப் பாப்பா பக்கம் நீட்டினார்.

பாப்பா கெக்கெக்கே என்று சிரித்தது.

மாமா தொப்பியைக் கழற்றினார். கண்ணில் தூசி என்றார். அன்று காற்றே இல்லை.

"எல்லாரும் பாத்தீங்கல்ல? ஆடு என்னுது! விருந்து என்னுது!"

"போடு மாமா, போடு. ஆனா விருந்துல ஜோக் மட்டும் சொல்லிடாத."

விஷயம் என்னவென்றே தெரியாமல் ஒஹையோக்காரர்கள் கைதட்டினார்கள்.

வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். எல்லாரும் இறங்கிப் போனதும், முக்கியமில்லாத அந்தப் பயலின் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

"பாப்பா என் தோளுக்குப் பின்னாடியில்ல பாத்துச்சு? நான் திரும்பிப் பாத்தப்போ வேன் ஜன்னல்ல தெரிஞ்சுதே ஒரு மூஞ்சி, மூக்குத் துளை ரெண்டுலயும் வறுவலைச் சொருகிக்கிட்டு?"

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. உன்னைப் பாத்துத்தான் சிரிச்சுது."

"ஊர்ல கேட்டா அப்படியே சொல்லு," என்றார் மாமா. "அதுக்கு முன்னாடி மூக்கைத் தொடைடா. உப்பு ஒட்டியிருக்கு."