முதுகில் இருந்த பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரகடம் வட்டாரக் கம்பெனிகளுக்கு இடையிலான டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி, பென்னலூர் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது. எங்கள் கம்பெனி அணிக்கு நான் விக்கெட் கீப்பர். ஆட்டத்தைவிட வாய் அதிகம் என்று கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். பொய்யில்லை. ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பேசிப் பேசியே பல பேரை அவுட் ஆக்கியிருக்கிறேன்.

பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் ஒரே நாளில் செய்த சாதனைகளை டிவியில் எத்தனையோ பார்த்தாயிற்று. என்னைக் கேட்டால், அன்றைக்கு நேரில் பார்த்ததற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். இன்னொரு கம்பெனி அணியில் ஒல்லியாக ஒருவன். காலையில் அவன் பந்துவீச்சில் ஒரு அணி சுருண்டது. மதியம் அரையிறுதியில் தொடர்ந்து மூன்று பந்தில் மூன்று விக்கெட். அது போதாதென்று பவுண்டரி ஓரத்தில் பாய்ந்து விழுந்து ஒரு கேட்ச். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க மறந்து நாங்கள் கைதட்டினோம். இறுதிப் போட்டியில் அவனோடு மோத வேண்டியது நாங்கள்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மாலையில் எங்கள் ரன்னைத் துரத்த இறங்கினார்கள். மற்றவர்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போக, அவன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தான். நடுநடுவே கொட்டாவி வேறு. எனக்கு வயிறு எரிந்தது. ஜெர்சியின் முதுகில் அச்சடித்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னாபா, தூக்கம் வருதா? வூட்டுக்குப் போறியா?" என்று சீண்டினேன். திரும்பவே இல்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோல் நின்றான்.

எனக்குப் பொறி தட்டியது. கிட்டே போய், "அது உன் பேரு இல்ல, கரெக்டா?" என்றேன்.

அவன் முகம் வெளிறிப்போனது. நிரந்தர ஊழியர்கள் மட்டுமே ஆடலாம் என்பது போட்டி விதி. நன்றாக ஆடும் கான்ட்ராக்ட் ஆள் கிடைத்தால், நிரந்தர ஊழியர் ஒருவரின் ஜெர்சியை மாட்டி இறக்கிவிடுவது இங்கே நடப்பதுதான். பிடிபட்டால் அணிக்குக் கோப்பை பறிபோகும், ஆளுக்கு வேலையே போகும்.

"அண்ணே, சொல்லிராதீங்கண்ணே. நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிறுத்திருவாங்க," என்றான் தெற்கத்திப் பேச்சில். "நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வந்துட்டேன். அதான் கொட்டாவி. கோவிச்சுக்கிறாதீங்க."

நான் கையைத் தூக்கி அம்பயரைக் கூப்பிட்டிருந்தால் கோப்பை எங்களுக்கு. மனசு வரவில்லை. திரும்பிப் போய் ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்தேன். அடுத்த ஓவரிலேயே சிக்ஸர் அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டான்.

எங்கள் கேப்டனுக்குச் சந்தேகம். "யோவ், நீ பக்கத்துலயே நின்னுகினு இருந்தியே, அவன் பர்மனென்ட் ஆளுதானா?"

"ஆமாபா," என்றேன்.

சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு மைக்கில் அந்தப் பெயரை வாசித்தார்கள். மைதானமே அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவன் தலையைக் குனிந்தபடி மேடையேறி, கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கினான். கடந்து போகும்போது என் கையைப் பிடித்து, "ரொம்ப தேங்க்ஸ்ணே" என்றான். மறுபடியும் நைட் ஷிப்டாம். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். ஒருவனைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில் நானும் அவன் நிஜப் பெயரைக் கேட்காமலேயே விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அந்த அணியின் கேப்டனைப் பார்த்தேன். முதலில் அவனைத்தான் விசாரித்தேன்.

"அவனா? கான்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு அந்த பேட்சையே அனுப்பிட்டாங்கபா. எந்த ஊருன்னு கூட தெரியாது. பேரு... இன்னாமோ சொன்னான். நாங்க ஜெர்சியில இருக்கற பேரைச் சொல்லியே கூப்புட்டுப் பழகிட்டோம்."

அந்தக் கேடயம்கூட அவனிடம் இல்லை. அவர்கள் கம்பெனி ரிசப்ஷனில் இருக்கிறதாம்.

இப்போதும் டீக்கடையில் கிரிக்கெட் பேச்சு வந்தால், யாராவது அந்த ஞாயிற்றுக்கிழமையை இழுத்து, ஜெர்சிப் பெயரைச் சொல்லிப் புகழ்வார்கள். அது அவர் இல்லை, வேறொருவன் என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கும்; ஆனால் "அப்போ யாரு?" என்று திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.