சின்ன யானையில் போன நாலு தலைகள்

ஆடி மாதத்தில் மண் முகங்களை ஏற்றிக்கொண்டு பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி யாரும் இல்லையென்றால், சும்மா சிரித்துவிட்டுப் போங்கள்.

என் சித்தி களிமண்ணில் முகம் செய்பவர். தனக்குக் கலையைத் தொற்றவைத்த நாலு பேரைச் செய்திருந்தார்: சுவர் விளம்பரம் எழுதியவர், கூத்துக்கு வேஷம் போட்டுவிட்டவர், டிராயிங் வாத்தியார், குன்னம் பக்கத்து ஒப்பாரிக்காரம்மா. முதல் மூவருக்குப் போட்டோ இருந்தது. ஒப்பாரிக்காரம்மா இறந்து பல வருஷம், போட்டோவே கிடையாது. நினைவிலிருந்துதான் செய்தார். "அவங்கதானான்னு எனக்கே தெரியலடா" என்று தினமும் புலம்பல்.

சூளை அரியலூரைத் தாண்டி. முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஞாயிறு காலை ஆறரைக்கு ஒரு சின்ன யானை வண்டி பிடித்தோம். வாடகை ஆயிரத்து ஐந்நூறு. சுடாத மண் என்பதால் நாலு பேரையும் கழுத்துவரை வைக்கோலில் புதைத்தோம். பிடித்துக்கொள்ள நானும் அதே வைக்கோலில், அதே கழுத்துவரை. ஆக ஐந்து தலை. ராவணனுக்குப் பாதி தேறிவிட்டது.

"வெறுந்தலையா ஏத்திட்டுப் போறது ஒரு மாதிரி இருக்கு தம்பி" என்று டிரைவர் செல்வம் அண்ணன் வண்டி முகப்பில் வேப்பங்கொத்து கட்டினார். வினை அங்கேதான்.

குன்னத்துக்கு முன்னால் ஓர் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். சாமி வந்தால் காலில் ஊற்ற, மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு தெருவே நின்றது. வேப்பிலையைப் பார்த்தார்கள், மண் முகங்களைப் பார்த்தார்கள். எங்கள் வண்டியில் கால் இல்லை. தலையில் ஊற்றிவிட்டார்கள்.

பாதிக் குடம் எனக்கு. "அக்கா, குளுருது" என்றேன். குடத்தைப் போட்டுவிட்டு அந்த அக்கா அலறியது அரியலூருக்கே கேட்டிருக்கும். பக்கத்தில் திரும்பியதும் என் சிரிப்பு நின்றது. மீதிக் குடம் ஒப்பாரிக்காரம்மா மேல். கன்னமெல்லாம் வாய்க்கால்.

சித்தி இறங்கி ஓடிவந்தார். கட்டைவிரலால் கன்னத்தைத் தடவிச் சரிசெய்யப் போனார்.

"இருங்க, இருங்க!" அந்த அக்கா கிட்டே வந்து பார்த்தார். "இது நம்ம ஒப்பாரிக்காரம்மால்ல? எங்கப்பா செத்தப்ப வந்து இப்படித்தான் அழுதுச்சு. தண்ணி தாடை வரைக்கும் ஓடும், தொடைக்கவே தொடைக்காது."

சித்தியின் விரல் அப்படியே நின்றது.

சூளைக்கார அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஈரத்தோட வச்சா வெடிச்சிடும். பக்கத்துல இருக்கறவங்களையும் கூட்டிட்டுப் போயிடும்." மூன்று பேர் சூளைக்குப் போனார்கள். ஒப்பாரிக்காரம்மா அடுத்த சூளைக்காக நிழலில் உலர்ந்தார். இரண்டு வாரம் சித்திக்குச் சோறு இறங்கவில்லை. 'வெடிச்சிடுச்சு' என்று குரல் மாற்றிப் போன் போடலாமா என்று யோசித்தேன். நான் கைவிட்ட ஒரே குறும்பு அதுதான்.

வெடிக்கவில்லை. செங்கல் நிறத்தில், கன்னத்து வாய்க்கால்களோடு, முழுசாக வந்தார்.

போகிறவர்களுக்கு: சீக்கிரம் கிளம்புங்கள், சுண்ணாம்புக்கல் லாரிகள் வந்துவிட்டால் ரோடு குலுங்கும். வைக்கோல் நிறைய வையுங்கள். வேப்பிலை கட்டியே தீருவேன் என்றால், சுட்ட பிறகு கட்டுங்கள். சித்தி அடுத்து அந்த அக்காவின் முகத்தைத்தான் செய்யப்போகிறாராம். ஐந்தாவது தலை நான் என்றல்லவா நினைத்திருந்தேன்!

சுட்ட நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, நாங்களே வேப்பிலை கட்டிக்கொண்டு அதே தெருவில் நிறுத்தினோம். அந்த அக்கா குடத்தோடு வந்து, தயங்கி நின்றார்.

"ஊத்தலாங்களா?"

"இப்ப எவ்வளவு வேணா ஊத்துங்க" என்றார் சித்தி.