கோட்டைப்பட்டினம்: ஒரு வள்ளத்தின் நம்பர்

மீமிசலில் பஸ் படுத்துவிட்டதால் காதர் பாயின் வள்ளத்தில் கோட்டைப்பட்டினம் போய்க்கொண்டிருக்கிறேன். பாதி வழியில் ரோந்து லாஞ்சு குறுக்கே வந்து மறிக்கிறது. இலங்கைக்குக் கள்ளத்தனமாக ஆள் போகிறார்களாம். அதனால் ஒவ்வொரு வள்ளத்திலும் நம்பர் எழுதியிருக்க வேண்டும். அதிகாரி எட்டிப் பார்க்கிறார். பலகையெங்கும் சுறா எண்ணெய் மினுங்குகிறது. நம்பர் இருந்த இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டுதான் மிச்சம்.

"நம்பர் எங்கய்யா?"

"போன வாரந்தான் எழுதுனேங்க. எண்ணெ பூசுனா பெயிண்டு நிக்க மாட்டேங்குது. பூசலைன்னா பலகை போயிரும்."

"கோர்ட்ல சொல்லிக்க."

வள்ளத்தைக் கட்டி இழுத்துவந்து கோட்டைப்பட்டினத்து மணலில் ஏற்றுகிறார்கள். நான் சாட்சி சொல்ல வாயெடுத்தால், போய் வேலையைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

"எப்ப விடுவாங்க பாய்?"

"எம் மச்சான் வள்ளத்தப் போன கோடையில பிடிச்சாங்க. குத்தமில்லேன்னுதான் தீர்ப்பாச்சு. கேஸ் முடியிற வரைக்கும் எண்ணெ பூச விடலீங்க. வெயில்ல பலகை வாயப் பொளந்துருச்சு. அடுப்புலதான் வச்சோம்."

லாஞ்சு ஆள் ஒருவர் கத்தியால் எண்ணெயைச் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டு அழுத்தித் துடைத்து, வெள்ளைப் பெயிண்டில் கேஸ் நம்பரை எழுதிவிட்டுப் போகிறார்.

நான் கிளம்பும்போது அது காய்ந்திருக்கிறது. பாய் நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். ஒரு பொட்டுகூட உதிரவில்லை.