தாம்பாளத்தோடு நிற்கிறவன்

மேலூர் வழியாகப் போகும் பஸ்ஸின் கடைசி சீட்டில் அன்றைக்கு நாலு பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரி, தூங்கிக்கொண்டு வந்த ஒரு பூ வியாபாரி, ஜன்னலோரம் ஒரு அம்மா. என் மடியில் சீர்த்தட்டு. தேங்காய் உருண்டு அபசகுனமாகிவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

"தாய்மாமன் சீராண்ணே?" என்று கேட்டார் அந்த அம்மா. நாற்பது வயதிருக்கும். கொண்டையை இறுக்கி முடிந்திருந்தார்.

"ஆமாம்மா. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து."

உடனே செல்போனில் தன் மகனின் காதுகுத்துப் போட்டோவைக் காட்டினார். மாமன் மடியில் உட்கார வேண்டிய பையன், அம்மா மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"தாய்மாமன் வரலையா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"வராம என்ன? பின்னாடி தாம்பாளத்தோட நிக்கிறான் பாருங்க." இரண்டு விரலால் அந்த முகத்தைப் பெரிதாக்கினார். "அப்பா நிலத்த வித்தப்ப, ஒம் பங்க அப்புறம் தாரேன்னு கையெழுத்து வாங்குனான். தரல. சபையில வச்சு, பங்கு வந்தாத்தான் பிள்ளை மடிக்கு வரும்னுட்டேன். இந்த மூஞ்சி நல்லாத் தெரியணும்னு போட்டோக்காரர்ட்ட சொல்லித்தான் எடுத்தது. பஸ் ஏறுனா ஒருத்தருக்காவது காட்டாம எறங்கமாட்டேன்."

"அதுக்கப்புறமாவது குடுத்தாரா?" என்றேன்.

"குடுத்தா அழிச்சிருவேன்ல."

அவர் மேலூரில் இறங்கினார். என் வீட்டுக்காரி என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. என் தங்கச்சியும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ஆனால் காதுகுத்தில் தங்கச்சி பிள்ளையை என் மடியில்தான் வைத்தாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு நான் இன்னும் தர வேண்டியது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.