தெருமுனையில் கேட்க வேண்டும்

ஒரு வண்டியாவது விற்காவிட்டால் நாளையிலிருந்து நான் மறுபடி கார் கழுவ வேண்டும். ஊரைவிட்டு வந்து நான் வேலை பார்க்கும் மவுண்ட் ரோஸ்கில் கார் விற்பனை யார்டில் ஒரு மலேசியத் தமிழ்த் தம்பதி நின்றார்கள். கமாரோ, சேலஞ்சர் கார்கள் இரண்டையும் "பஸ்ஸு மாதிரி இருக்கு" என்று அக்கா தள்ளிவிட்டார். மிச்சம் இரண்டு மஸ்டாங். ஒன்று நாலு சிலிண்டர், மற்றது எட்டு.

"நாலு போதும்லா. ட்ராஃபிக்ல நிக்கத்தானே போறீங்க?" என்றார் அக்கா, கணவரிடம்.

அண்ணன் எட்டு சிலிண்டர் வண்டியில் ஏறிக் கிளப்பினார். அந்த உறுமல் என்னைத் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டது.

தோல் பதனிடும் ஷாப் வாடை வீசும் தெரு. அப்பாவின் புல்லட் முக்குத் திரும்பும் சத்தம் கேட்டால்தான் அம்மா கல்லில் தோசை ஊற்றுவாள். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் அப்பா அதை விற்று மொபெட் வாங்கினார். முதல் நாளே சத்தமில்லாமல் வந்து வெறும் தட்டின் முன் உட்கார்ந்தார்.

"திருடனாட்டம் வந்து நிக்கிறீங்க! நான் எப்பக் கல்லைப் போடுறது?" என்று அம்மா எகிறினாள்.

மறுநாள் அப்பா மொபெட் சைலன்சருக்குள் இருந்த குழாயை உருவி எறிந்தார். தெரு காதைப் பொத்தியது. எங்கள் வீட்டில் தோசை மறுபடி சூடாக விழுந்தது.

"அக்கா, அண்ணன் எப்ப வீட்டுக்கு வருவாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"எங்க? பூனை மாதிரி வந்து, சாப்பாடு எங்கம்பாரு."

"எட்டு சிலிண்டர்னா தெருமுனையிலேயே தெரிஞ்சிரும்."

அக்கா யோசித்தார். கைப்பையை என்னிடம் கொடுத்தார். "நான் முனையில போய் நிக்கிறேன். இன்னொரு தடவ கிளப்பச் சொல்லு."

அண்ணன் கிளப்பினார். முனையில் அக்காவின் கை உயர்ந்தது. நான் விற்பனைப் பேப்பர் எடுக்க உள்ளே போனேன்.