இடுப்பிலிருந்து எழுதிய எண்

எங்கள் தையல் கடையில் அளவெடுப்பது அக்காதான்; வெட்டுவது அவள் கணவர்; நான் பட்டன் தைப்பவள். துணியில் சாக்குக்கட்டியால் எழுதினால், இடையில் வைக்கும் புள்ளியும் கோடும் உதறும்போது அழிந்துபோகும். அதனால் அக்கா எல்லா அளவையும் ஒட்டி ஒரே எண்ணாக எழுதுவாள். ஒவ்வோர் அளவுக்கும் முன்னால், அது எத்தனை இலக்கம் என்று போடுவாள். 23423818 என்றால் முப்பத்துநான்கு, முப்பத்தெட்டு, எட்டு.

அக்காவின் கணவர் இறந்ததும், அதுவரை கல்லாவில் மட்டும் உட்கார்ந்திருந்த கொழுந்தன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

"பொம்பளைக்குக் கடையில என்ன வேலை அண்ணி? வீட்ல இருங்க."

அண்ணன் இருந்தவரை கழுத்தில் போட்டிருந்த அளவு நாடாவையும் எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது பேண்டு வாத்தியக் குழுவின் சீருடைத் துணி வெட்டாமல் கிடந்தது. அளவு கொடுத்த ஆட்கள் வெளியூரில். எண்களை முறைத்துப் பார்த்த கொழுந்தன், வேறு வழியில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு அக்காவிடம் போனான்.

"இதை எப்படிப் பிரிக்கிறது அண்ணி?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ப்பூ, இவ்வளவுதானா!" என்று கிளம்பிவிட்டான்.

எது எந்த அளவு என்று அவன் கேட்கவே இல்லை. அக்கா எப்போதும் இடுப்பில் தொடங்குவாள்; பிறகு மார்பு, கடைசியில் மணிக்கட்டு. அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. படட்டும் என்று இருந்தேன்.

கடையில், துணி வெட்டப் புதிதாக வந்த கட்டரிடம், "முதல்ல மார்பு, அடுத்தது இடுப்பு. பேண்டுக்காரனுக்கெல்லாம் நல்ல தொப்பை போல!" என்று சிரித்தான். நான் பட்டன்களை இறுக்கித் தைத்தேன்.

குழு திரும்பி வந்து போட்டுப் பார்த்தது. வயிற்றில் துணி தொளதொளவென்று தொங்கியது; மார்பில் இறுக்கிப் பிடித்தது. ஊதுகுழல்காரர் மூச்சை இழுத்தார். என் பட்டன் அசையவில்லை. முதுகுத் தையல் டர்ரென்று கிழிந்தது.

"அளவெடுத்த அம்மா எங்கய்யா? அவங்க கடையில இருந்தா தைங்க, இல்லேன்னா துணியைக் குடுத்துடுங்க!" என்று குழுத் தலைவர் கத்தினார்.

கொழுந்தன் ஓடிப்போய் அக்காவை அழைத்து வந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"

"பிரிக்கிறது எப்படின்னு கேட்டீங்க தம்பி, சொன்னேன். வீட்ல இருக்கிற பொம்பளை வேற என்னத்தைச் சொல்றது?"

அத்தனை பேர் முன்னால் அக்கா கையை நீட்டினாள். சாவியை வைத்தான். அவள் கையை மடக்கவில்லை. அவன் கழுத்தையே பார்த்தாள்.

"அதையும்."